விளையாட்டுப் பெட்டியும் நட்சத்திர முகமும்

இலக்கியப் பகுதியில் சிறுவர் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நூல்களை ஆராய வேண்டிய இடத்தில் பொம்மைகளை ஆராயத் தொடங்கிவிட்டார்களே என்று புலவர் பெருமக்கள் சிலர் வருந்தவும் கூடும். அவர்கட்கு நாம் கூறும் விடை ஒன்றே. நாவல் தோன்றிய நாளில் அதனைப் பெண்களைக் கெடுக்கும் பொய்க்கதை என்றார்கள். நாடகத்தைக் கூத்தாடிகளின் பிழைப்பு என்றார்கள். சினிமா வந்தபோது அது கலையே அன்று, கண்கட்டு வித்தை என்றார்கள். இவ்வாறு சொன்னவர்கள் ஒதுங்கி நிற்க, சினிமாவோ நம் மக்களின் வீட்டுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் புகுந்து, பாட்டாயிற்று, பேச்சாயிற்று, முடிவில் அரசியலும் ஆயிற்று. அறிவுடையோர் ஆராயாது விட்ட இடத்தில் வணிகர் ஆட்சி செலுத்துவர் என்பது நாம் பட்டறிந்த பாடம். அப்பாடத்தை மறுமுறையும் பட்டுத்தான் அறியவேண்டுமா என்று கேட்கிறோம்.

இன்று பூச்சோங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் மாலை வேளையில் நுழைந்து பாருங்கள். கூடத்தில் தொலைக்காட்சியின் முன்னே ஒரு சிறுவன் அமர்ந்திருப்பான். கையில் பொத்தான்கள் நிறைந்த ஒரு பிடி. பெற்றோர் அழைத்தாலும் திரும்பான். சோறு ஆறினாலும் எழான். அவன் என்ன செய்கிறான் என்று தாயைக் கேட்டால், "கேம் விளையாடுகிறான்" என்பார். எந்தக் கேம் என்றால், "ஏதோ படத்துக் கேம்" என்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. பிள்ளை படிக்கும் புத்தகம் இன்னதென்று அறிய விரும்பும் பெற்றோர், அதனினும் நீண்ட நேரம் அவன் உள்ளத்தை ஆளும் ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பது நன்றன்று. ஆகவே வீடியோ விளையாட்டுகளுள்ளும், சிறப்பாகச் சினிமாப் படங்களின் பெயரைத் தாங்கி வரும் விளையாட்டுகளைப் பற்றி, நல்லது இது, தீயது இது என்று பிரித்துக் காட்ட முற்படுகின்றோம்.

காண்பதும் செய்வதும்

முதலில் இக்கலையின் தன்மை யாது என்பதைத் தெளிதல் வேண்டும். சினிமாவில் வீரன் மலையேறுகிறான், நாம் காண்கிறோம். நாவலில் தலைவி துன்புறுகிறாள்; நாம் படிக்கிறோம். விளையாட்டிலோ ஏறுகின்றவன் ஆடுகின்றவனே. அவன் பொத்தானை அழுத்தாவிடில் மலை ஏறப்படுவதில்லை. தவறி அழுத்தினால் வீழ்பவனும் அவனே. எனவே, சொல் எவ்வாறு கவிதைக்கு முதற்பொருளோ, அவ்வாறே செயல் விளையாட்டுக்கு முதற்பொருள். ஒரு விளையாட்டின் சிறப்பை அளக்க விரும்புவோர் அதில் யாருடைய முகம் இருக்கிறது என்று பார்த்தற் பயனில்லை. ஆடுகின்றவனை அது என்ன செய்யச் சொல்கிறது, அச்செயலால் அவன் எதனை அறிகிறான் என்றே பார்க்கவேண்டும்.

இவ்வளவு எளிய உண்மையை நம்மவர் ஏன் மறந்தனர்? அதற்குக் காரணம் தேடின், நாம் பழைய தோட்டப்புறத்துக்கே செல்லவேண்டும். பூச்சோங் இன்று பேரங்காடிகளும் தாமான்களும் நெருங்கிய நகரம். ஆனால் அதன் மண் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த மண். கின்ராரா, காசல்ஃபீல்டு என்னும் பெயர்கள் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன. தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டுக்குப் பின் நாள் முழுதும் பால்மரம் வெட்டி அலுத்த மக்களுக்குத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படங்காட்டும் இரவே திருவிழா. பாய் விரித்துத் தரையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்த அம்மக்களுக்குத் திரையில் தோன்றிய நடிகர், தம்மை அடித்தவனைத் திருப்பி அடிக்கும் அண்ணனாகத் தோன்றினார். அதில் நாம் குற்றங் காணவில்லை. அடங்கிக் கிடந்தோர்க்கு அது ஒரு மூச்சு. ஆனால் அன்று ஆறுதலாக வந்த முகம் நாளடைவில் தெய்வமாயிற்று. பால்மரத்தில் பாலெடுத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று படம் வெளியாகும் நாளில் நடிகரின் கட்டவுட்டுக்குப் பாலூற்றுகின்றனர். முகம் கண்டால் பணம் கொடுக்கும் பழக்கம் அவ்வாறு வேரூன்றியது.

அப்பழக்கத்தை விளையாட்டு வணிகர் நன்கறிந்தனர். 1983-ஆம் ஆண்டு ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. அதனைப் போலச் செய்த தைவான் நாட்டு மைக்ரோ ஜீனியஸ் பெட்டிதான் 1990-களில் நம் நாட்டு எளிய குடும்பங்களுக்கு எட்டியது. பாசார் மாலாமில் கிடைத்த அதன் கேசட்டுகளை நினைவில் வைத்திருப்போர் பலர். மேலே ஒட்டிய தாளில் துப்பாக்கி ஏந்திய ஹாலிவுட் நடிகரின் படம் இருக்கும். உள்ளேயோ அவருக்குச் சிறிதும் உறவில்லாத ஓர் ஆட்டம் இருக்கும். அறுபத்து நான்கு ஆட்டம் என்று எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டே பெயர் மாறி மாறி வரும். கள்ளப் பதிப்பு என்று அதனை இகழ்வது எளிது. ஆனால் உரிமை பெற்று, முத்திரை குத்தி, முழு விலைக்கு விற்ற பெரும் நிறுவனங்கள் செய்ததும் பெரும்பாலும் இதுவேயன்றி வேறன்று என்பதை இனிக் காட்டுவோம்.

ஐந்து வாரத்துப் பயிர்

1982-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்டீவன் ஸ்பில்பர்க்கின் 'ஈ.டி.' என்னும் படம் வெளிவந்து அமெரிக்காவையே கவர்ந்தது. வேற்றுக் கோளிலிருந்து வந்து வழி தவறி நின்ற சிற்றுயிர் ஒன்றும், அதற்கு அடைக்கலம் தந்த சிறுவன் ஒருவனும் கொண்ட நட்பே அதன் கதை. அப்படத்தின் பெயரால் விளையாட்டொன்று செய்ய அட்டாரி நிறுவனம் உரிமை பெற்றது. அதற்குக் கொடுத்த தொகை இரண்டு கோடி டாலருக்கும் மேல் என்பர். பேரம் முடிந்ததோ ஜூலை மாதக் கடைசி. கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சரக்கு வேண்டுமெனில் செப்டம்பர் தொடக்கத்தில் ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆகவே ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் ஓர் இளைஞரிடம் ஐந்து வாரமளவு தவணை கொடுத்து வேலையை ஒப்படைத்தனர்.

இந்த வார்ஷா திறமையற்றவர் அல்லர். பல மாதம் உழைத்து அவர் முன்னரே ஆக்கிய 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்னும் ஆட்டம் இன்றும் அப்பெட்டியின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதே கை, அதே மூளை. இல்லாது போனது காலம் ஒன்றுதான். விளைவு யாதாயிற்று? படத்தில் நட்பின் உருவாய் நின்ற அச்சிற்றுயிர், ஆட்டத்தில் குழிக்குள் விழுவதும், கழுத்தை நீட்டி எழுவதும், எழுந்தவுடன் மீண்டும் விழுவதுமாகவே பொழுது போக்கிற்று. அன்பு எங்கே, பிரிவு எங்கே என்று தேடிய குழந்தைகள் குழியைத்தான் கண்டனர். பல இலட்சம் பிரதிகள் விலைபோகாது தேங்கின. 1983-இல் அட்டாரி தன் தேங்கிய சரக்குகளை லாரி லாரியாக ஏற்றி நியூ மெக்சிகோ மாநிலத்து அலமோகோர்டோ என்னும் ஊரின் குப்பைக் கிடங்கிற் புதைத்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை மண்ணோடு மண்ணாய் வெளிவந்தன. நடிகர் முகத்தையும் படத்தின் பெயரையும் மட்டும் நம்பி விதைத்த பயிருக்கு அறுவடை குப்பைமேடே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

முகம் கிடைக்காததால் பிறந்த கலை

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றுண்டு. 1981-ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் பாப்பாய் என்னும் புகழ்பெற்ற கேலிச் சித்திர வீரனை வைத்து ஓர் ஆட்டம் செய்ய விரும்பிற்று. உரிமை அப்போது கிடைக்கவில்லை. அவ்வேலையை ஏற்றிருந்த ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் ஓவியர் என்ன செய்தார்? முகம் கிடைக்கவில்லையே என்று வாளாவிருந்தாரில்லை. தாமே ஒரு தச்சனையும், ஒரு பெருங் குரங்கையும், ஒரு பெண்ணையும் படைத்தார். உருண்டு வரும் பீப்பாயைத் தாண்டித் தாண்டி ஏணியேறும் அந்தத் தச்சனுக்கு அன்று பெயர்கூடச் சரியாக இல்லை. தாண்டுவதே தொழிலாகையால் 'ஜம்ப்மேன்' என்றழைத்தனர். அவனே பின்னர் மாரியோ என்னும் பெயரால் உலகறிந்தவனானான். அவ்வாட்டத்தின் பெயர் 'டாங்கி காங்'.

இரவல் முகம் இல்லாது போகவே, செயலை நம்பியாக வேண்டிய நிலை அக்கலைஞருக்கு ஏற்பட்டது. தாண்டுதல் என்னும் ஒரு செயலை எத்தனை வகையாக இனிமையாக்கலாம் என்று அவர் எண்ணிய எண்ணமே பின்னர் ஒரு கலை மரபாயிற்று. வேடிக்கை இதனோடும் முடியவில்லை. யூனிவர்சல் என்னும் சினிமா நிறுவனம், அக்குரங்கு தன் கிங் காங் படத்தின் களவு என்று 1982-இல் வழக்குத் தொடுத்தது. ஆனால் கிங் காங் கதை எவருக்கும் தனியுரிமையற்ற பொதுச் சொத்து என்று அதே நிறுவனம் தன் படத்துக்காக முன்னொரு வழக்கில் வாதித்திருந்தது! நீதிமன்றம் நிண்டெண்டோவின் பக்கமே தீர்ப்பளித்தது. தனக்கு வேண்டும்போது பொது, பிறருக்கு வேண்டும்போது தனி என்னும் இந்நீதி நமக்குப் புதிதன்று. கோயிலிலும் குளத்திலும் நாம் கண்ட நீதிதான்.

அப்படியாயின் படத்திலிருந்து பிறக்கும் ஆட்டமெல்லாம் இழிந்தவையோ எனின், அன்று. 1995-இல் வந்த ஜேம்ஸ் பாண்டு படமாகிய 'கோல்டன் ஐ'யின் பெயரால், 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோ 64 பெட்டிக்கு ஓர் ஆட்டம் வந்தது. இங்கிலாந்திலுள்ள ரேர் நிறுவனத்தில் மார்ட்டின் ஹாலிஸ் என்பவர் தலைமையில், பெரும்பாலும் அனுபவமற்ற இளைஞர் சிலர் அதனை ஆக்கினர். படம் வெளியாகி ஏறத்தாழ இரண்டாண்டு கழிந்துவிட்டதே, இனி யார் வாங்குவர் என்று வணிகர் கணக்கிட்டிருந்தால் அவ்வாட்டம் பிறந்தே இராது. காலந் தாழ்ந்ததே அதற்கு நலமாயிற்று.

அதன் சிறப்பு யாதெனின் கூறுவோம். ஆட்டத்தைக் கடினமாக்க வேண்டுமெனில் எதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே பிறர் வழக்கம். இவர்களோ, கடினம் ஏற ஏறச் செய்ய வேண்டிய பணிகளையும் பெருக்கினர். எளிய நிலையில் வெறுமனே கடந்து சென்ற அறைக்குள், கடின நிலையில் ஒரு பத்திரத்தைப் படம் பிடிக்கவோ ஒரு கருவியைக் கெடுக்கவோ வேண்டியிருக்கும். ஆகவே ஒரே இடத்தை மூன்று முறை ஆடுகின்றவன் மூன்று விதமாக அறிகிறான். நல்ல நூலை மீண்டும் படிப்பவன் பெறும் பயனும் இதுவேயன்றோ? மேலும் நால்வர் ஒரே திரையை நான்காகப் பகுத்து ஆடும் வசதியைக் கடைசி நாட்களில் சேர்த்தனர். அதனால் அது நண்பர் கூட்டத்தின் ஆட்டமாயிற்று. எண்பது இலட்சத்துக்கும் மேல் விற்றது. நடிகரின் முகம் அட்டையில் இருந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் அதனைப் பல்லாண்டு ஆடியது அம்முகத்துக்காக அன்று.

தமிழன் திரைக்குள் வந்த விதம்

நிற்க. இவையெல்லாம் பிற நாட்டார் கதை. நம் கதை என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லுவோம்.

2011-ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'ரா.ஒன்' என்னும் இந்திப் படம் வெளியாயிற்று. தமிழிலும் மாற்றிக் காட்டினர். அப்படம் விளையாட்டுகளைப் பற்றியது. இலண்டனில் வாழும் ஒரு விளையாட்டுப் படைப்பாளன், தன் மகனுக்காக, வீரனைவிடக் கொடியவனே வலியவனாக விளங்கும் ஓர் ஆட்டத்தை ஆக்குகிறான். அக்கொடியவன் ஆட்டத்தை விட்டு வெளியேறித் தன்னைப் படைத்தவனையே கொல்லுகிறான். அந்தப் படைப்பாளன் யார்? சேகர் சுப்பிரமணியம் என்னும் தமிழன்!

தமிழன் ஒருவனை விளையாட்டுக் கலையின் ஆசிரியனாக இந்தியத் திரையில் காட்டினார்கள் என்று நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் காட்டிய விதத்தைப் பாருங்கள். அவன் நூடுல்ஸில் தயிரை ஊற்றிக் கையாற் பிசைந்து உண்கிறான். நடப்பதிலும் பேசுவதிலும் கோமாளி. மகனே அவனைக் கண்டு வெட்குகிறான். அவன் இறந்த பின்னர், அதே நடிகர் ஜி.ஒன் என்னும் வீரனாக, தமிழ்க் கோலம் நீங்கி, எழிலும் வலிமையுமாக வந்து நிற்கிறார். அறிவைத் தந்துவிட்டுச் சாவதற்குத் தமிழன், அழகையும் வெற்றியையும் அடைவதற்கு வேறொருவன் என்பதே அப்படம் சொல்லாமற் சொல்லும் செய்தி. நம் ரஜினிகாந்த் 'எந்திரன்' படத்துச் சிட்டி வேடத்தோடு சில நிமிடம் வந்து போனதற்குக் கைதட்டிய தமிழர், தயிரும் நூடுல்ஸும் பிசைந்த காட்சிக்கும் சேர்த்தே கைதட்டினர். இதனை எண்ணுந்தோறும் நாணுகின்றோம்.

கொடியவனுக்கு இட்ட பெயரையும் கவனியுங்கள். 'ரா.ஒன்' என்பது இராவணன் என்னும் பெயரின் ஒலி. பத்துருவம் காட்டுகிறான், முடிவில் அழிக்கப்படுகிறான். புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' இயற்றி, இராவணனைத் தமிழர் தலைவனாகப் பாடினார். 1948-இல் அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது. 1971-இல்தான் அத்தடை நீங்கிற்று. பழங்கதையை மறு கண்கொண்டு பார்க்கத் துணிந்த மரபு நமக்கிருக்க, புத்தம் புதிய கருவியில் பழைய கதையையே பழைய கண்ணோடு புகுத்தினர் என்பதே நமது வழக்கு. கருவி புதிது, கருத்து கிழடு.

இனி, அப்படத்தின் பெயரால் வந்த ஆட்டத்துக்கு வருவோம். மும்பையிலுள்ள டிரைன் நிறுவனம் ஆக்க, சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2, பிளேஸ்டேஷன் 3 ஆகிய பெட்டிகளுக்கு, படத்தோடு சேர்த்து அதே மாதத்தில் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 2 பெட்டி 2000-ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு அடுத்த பெட்டி 2006-இலேயே வந்துவிட்டது. ஆயினும் எளியோர் வீட்டில் இருந்தது பழைய பெட்டியே என்பதறிந்து அதற்கும் செய்தனர். அந்நோக்கத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஆட்டம்? படத்திலே அடித்துக்கொண்டவர்களுள் ஒருவரைத் தேர்ந்து மற்றவரை அடி என்பதுதான். ஒரு தந்தை தன் மகனுக்காக ஆட்டமொன்றை ஆக்குவதே படத்தின் கரு. அதிலிருந்து பிறந்த ஆட்டத்தில் ஆடுகின்ற பிள்ளை ஆக்குதற்கு ஒன்றுமில்லை. குத்துவதும் உதைப்பதுமே உண்டு. படைப்பாளன் படத்தில் முதலிற் கொல்லப்பட்டான். ஆட்டத்தில் அவனுடைய தொழிலும் கொல்லப்பட்டது.

2014-இல் 'கோச்சடையான்' படத்தையொட்டிக் கைப்பேசிக்கு வந்த ஆட்டத்தைப் பற்றி விரித்தெழுத ஒன்றுமில்லை. நடிகரின் உருவம் அம்பெய்யும். நாம் விரலால் தேய்க்கவேண்டும். படத்தின் பேச்சு ஓய்ந்ததும் ஆட்டத்தின் பேச்சும் ஓய்ந்தது.

வெண்பா என்னும் தாய்

இவ்வாறு மனம் சோர்ந்திருந்த வேளையில், 2023-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு வெளிவந்தது. கனடாவில் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழு, அபி என்னும் தமிழரின் தலைமையில் ஆக்கியது. நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் முதலிய பெட்டிகளில் ஆடலாம். மறு ஆண்டில், தனிக் குழுக்களின் விளையாட்டு விழாவிற் பெரும் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விழாவில் முதற்படைப்புக்கான பரிசும் இதற்குக் கிடைத்தன. பரிசு பெற்றதால் நாம் இதனைப் போற்றவில்லை. போற்றத்தக்கது என்பதை அயலார் நம்மினும் முந்தி அறிந்தனர் என்று காட்டவே அதனைச் சொன்னோம்.

கதை 1988-இல் தொடங்குகிறது. வெண்பா என்னும் பெண்ணும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடா சென்று குடியேறியவர்கள். மகன் பெயர் கவின். யாப்பின் பெயர் தாய்க்கு, பாடுவோன் பெயர் தந்தைக்கு, அழகின் பெயர் பிள்ளைக்கு. இதில் வாளில்லை, துப்பாக்கியில்லை. ஆடுகின்றவன் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் தாயார் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விடுபட்ட சொல் யாதென எண்ணிப் பார்த்து, முறை தவறாமல் இட்டிலி அவிக்கவேண்டும், புட்டு அவிக்கவேண்டும், பிரியாணி ஆக்கவேண்டும். இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி சீராக ஏறும் என்பது இங்கே ஒரு புதிர். நம் தாய்மார் நாள்தோறும் அடுப்படியில் செய்யும் செயலுக்குள் இவ்வளவு அறிவிருக்கிறதென்று, அச்செயலையே செய்யவைத்து அறிவிக்கிறது இவ்விளையாட்டு. பெண்ணடிமையைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் முழங்குவோர், அவ்வுழைப்பின் நுணுக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

மகன் வளர்கிறான். பள்ளியில் தன் உணவைக் கண்டு வெட்குகிறான். தாய் தமிழிற் பேச அவன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். பின்னொரு நாள் அதே குறிப்பேட்டைக் கையிலெடுத்துத் தானே சமைக்க முயல்கிறான். தமிழெழுத்து அவனுக்குத் தடுமாறுகிறது. தாயின் கையில் கறை மறைத்த குறிப்பை, மகனின் கையில் அறியாமை மறைக்கிறது. அந்த இடத்தில் பொத்தானை அழுத்தும் நம் விரலும் தயங்குகிறது. இதுவே யாம் முன்னர்ச் சொன்ன செயலின் கலை. 'ரா.ஒன்' படத்திலும் தன் தமிழ்த் தந்தையைக் கண்டு வெட்கும் மகன் உண்டு. அங்கே அவ்வெட்கம் நகைப்புக்குப் பயன்பட்டது. இங்கே அவ்வெட்கத்தின் விலை என்னவென்று கணக்குக் காட்டப்படுகிறது.

சினிமாவுக்கும் இதற்கும் உறவே இல்லையா எனின், உண்டு. அதுதான் நாம் சுட்ட விரும்புவது. சமைக்கும் போதெல்லாம் வானொலியில் பாட்டு ஒலிக்கிறது. அவை இவ்விளையாட்டுக்கென்றே புதிதாக ஆக்கிய பாட்டுகள். ஆயினும் கதை நடக்கும் காலத்துக்கேற்ப, அவ்வக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்தவை. நடிகரின் முகம் ஓரிடத்தும் இல்லை. சினிமா நம் மக்களின் வாழ்வில் உண்மையில் எங்கே குடியிருந்ததோ, அந்த அடுப்படி வானொலியில் அதனை வைத்திருக்கிறார்கள். படத்துக்கும் ஆட்டத்துக்கும் இருக்கத்தக்க உறவு இதுவென்று இதனைக் காட்டலாம்.

குறைகளையும் மறைக்கமாட்டோம். ஆட்டம் மிகச் சிறிது. ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. தவறாகச் சமைத்தாலும் இழப்பொன்றுமில்லை, மீண்டும் தொடங்கலாம். ஆகையால் புதிர்கள் சில இடத்திற் பெயரளவே. பாவலனும் வெண்பாவும் படும் துன்பங்கள் பல, சொல்லி முடிக்கப்படுகின்றனவேயன்றி ஆடவைக்கப்படவில்லை. இன்னுமொன்று. இது விரும்பிக் குடியேறிய, படித்த குடும்பத்தின் கதை. கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறி, ரப்பர்க் காட்டில் பாடுபட்ட நம் பாட்டன் பாட்டியின் கதை அன்று. அதற்காக அபியைக் குறை கூறுதல் தகாது. அவர் தம் வீட்டுக் கதையைச் சொன்னார். நம் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியவர் நாமே.

செய்ய வேண்டுவது யாது?

பெற்றோர்க்கு ஒரு சொல். பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குரிய பெரிய ஆட்டமொன்றின் விலை இந்நாட்டில் முந்நூறு வெள்ளியை எட்டுகிறது. 2025-ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 வெள்ளி. ஆகவே ஓர் ஆட்டம் என்பது உழைப்பாளி ஒருவரின் ஏறத்தாழ ஐந்து நாள் வியர்வை. அவ்வியர்வையை நடிகரின் முகத்துக்குக் காணிக்கையாக்க வேண்டா. கடையில் பிள்ளை ஓர் ஆட்டத்தைச் சுட்டிக் கேட்டால், "இதில் யார் நடிக்கிறார்?" என்று கேளாமல், "இதில் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். "சண்டை போடுவேன்" என்பதற்கு மேல் அவனால் விடை சொல்ல முடிந்தால், அவ்வாட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். முடிந்தபோது பக்கத்தில் அமர்ந்து அரைமணி நீங்களும் ஆடிப் பாருங்கள். தந்தை தோற்பதைக் கண்டு பிள்ளை மகிழ்வான். பிள்ளை எதில் மகிழ்கிறான் என்று தந்தை அறிவார்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கட்கு ஒரு சொல். கணினி கற்ற மாணவர் நம்மிடம் இன்று பலருண்டு. கட்டுரைப் போட்டி வைக்கின்றோம். பேச்சுப் போட்டி வைக்கின்றோம். திரைப்பாட்டுக்கு ஆட்டப் போட்டியும் வைக்கின்றோம். சிறு விளையாட்டொன்றைத் தமிழிற் படைக்கும் போட்டி ஏன் வைத்தலாகாது? விடியற்காலை இருளில் எந்த மரத்திலிருந்து தொடங்கினால் வெயிலேறு முன் பால் சேரும், எவ்வளவு ஆழம் சீவினால் மரம் கெடாது என்று எண்ணிப் பால்மரம் வெட்டிய பாட்டியின் அறிவு, பீப்பாய் தாண்டும் தச்சனின் அறிவுக்குக் குறைந்ததா? அச்செயலை ஒரு பிள்ளை தன் விரலாற் செய்து பார்த்தால், தோட்டத்தான் என்னும் ஏளனச் சொல் அவன் காதில் ஏறாது. உழைப்பை அறிந்தவன் உழைத்தவரைப் பழிக்கமாட்டான்.

இளைஞர்கட்கும் ஒரு சொல். மியாமோட்டோவுக்குப் புகழ்பெற்ற முகம் கிடைக்கவில்லை. அதனால் தாமே ஒன்றைப் படைத்தார். நமக்கும் கிடைக்கவில்லை, கிடைத்த முகமோ தயிரும் நூடுல்ஸும் பிசைந்த முகம். ஆகவே இரவல் முகத்துக்குக் காத்திராமல், நம் முகத்தை நாமே வரைவோமாக. திரைக்கு முன் அண்ணாந்து அமர்ந்திருந்த காலம் போதும். இன்று திரையை ஆட்டும் பிடி நம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. அக்கையை மீண்டும் கும்பிடப் பழக்காமல், செய்யப் பழக்குவதே நம் கடன்.